மேலிடம் இணைப்பில் உள்ளது

வீட்டில் அவளுக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர். வைத்தவன் தம்பி. பால் பாக்கெட்டில் தேதி பார்க்காமல் கத்தரி வைக்கமாட்டாள். மருந்துக்கடைக்காரர் கொடுத்த மாத்திரைகளை அவர் எதிரிலேயே சீட்டோடு ஒத்துப் பார்ப்பாள். பூட்டிய பூட்டை மூன்று தடவை இழுத்த பிறகுதான் படி இறங்குவாள். படங்களுக்கு அடியில் ஓடும் வசன வரிகளை எழுதுவது அவள் தொழில். திரையில் ஒருவர் வாயைத் திறந்து மூடுவதற்குள் வரி வந்து போய்விட வேண்டும். அரை நொடி பிசகினால் அழுகிறவள் மேல் சிரிக்கிறவனின் பேச்சு விழுந்துவிடும். இப்படி ஒரு வேலையைப் பத்து வருடமாகப் பார்ப்பவளுக்கு அந்தக் குணம் வராமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

ஒரு திங்கட்கிழமை காலை அவளுடைய லேப்டாப்பில் சார்ஜ் ஏறுவது நின்றது. வயரை இப்படி வளைத்தால் ஏறியது, அப்படி வளைத்தால் நின்றது, பிறகு எப்படி வளைத்தும் ஏறவில்லை.

"சார்ஜர் செருகுற இடம் போயிடுச்சு. கடையிலதான் குடுக்கணும்" என்றான் தம்பி. ஒரு அலுவலகத்தில் கம்ப்யூட்டர்களையும் வயர்களையும் கவனிக்கிறவன் அவன்.

கடை என்றதும் அவள் முகம் சுருங்கியது. இரண்டு வருடங்களுக்கு முன் பழைய லேப்டாப்பை ஒரு கடையில் கொடுத்தாள். விசிறியைத் துடைப்பதற்காகக் கொடுத்தது, பாதி மெமரியோடு திரும்பி வந்தது. கேட்டதற்குக் கடைக்காரன் "வரும்போதே அப்படித்தான் வந்துச்சு" என்று கூசாமல் சொன்னான். இருந்தது என்று காட்ட அவளிடம் ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை. அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.

"இந்தத் தடவை எவனும் என் தலையில மிளகாய் அரைக்க முடியாது" என்றாள்.

அன்று மத்தியானம் அக்காவும் தம்பியும் சாப்பாட்டு மேசையில் பழைய செய்தித்தாளை விரித்து லேப்டாப்பைக் கவிழ்த்துப் போட்டார்கள். தம்பி ஸ்க்ரூக்களை ஒவ்வொன்றாகக் கழற்றி முட்டை அட்டையின் குழிகளில் வரிசை மாறாமல் வைத்தான். மூடியை எடுத்ததும் அவள் குனிந்து பார்த்தாள்.

"ஹார்ட் டிஸ்க்கை நாமளே வெச்சுக்கலாம். அவங்களுக்கு அது தேவையில்ல" என்று சொல்லி அதைக் கழற்றி அவள் கையில் கொடுத்தான். "மத்ததுக்கெல்லாம் நம்பர் எழுதிக்க. ஒவ்வொண்ணுக்கும் கிட்டத்துல ஒரு போட்டோ, மொத்தமா ஒண்ணு."

"நெயில் பாலிஷ் வெக்கலாமா?"

"வெய்யி. ஆனா ஸ்க்ரூ மேல வெக்காத, அதை எப்படியும் கழட்டுவாங்க. சாமான் மேலயே வெய்யி. ஓரமா, சின்னதா."

அவளிடம் இருந்தது கத்தரிப்பூ நிறத்தில் ஒரு குப்பி. தீக்குச்சி முனையால் தொட்டு மெமரியின் மூலையில் ஒரு பொட்டு, பேட்டரியில் ஒன்று, நகத்தளவே இருந்த வைஃபை கார்டில் ஒன்று என்று வைத்தாள். ஒவ்வொன்றின் சீரியல் நம்பரையும் அவள் சொல்லச் சொல்லத் தம்பி எழுதினான். பிறகு அவன் படிக்க அவள் சரிபார்த்தாள். மூடிய பிறகு திரை, கீபோர்டு எல்லாவற்றையும் மேலிருந்து படம் பிடித்தாள். பட்டியலை இரண்டு பிரதி எடுத்தாள்.

"புகுந்த வீட்டுக்குப் பொண்ணை அனுப்பறப்பகூட இவ்வளவு பார்க்கமாட்டாங்க" என்றான் தம்பி.

*

கடை மூன்று பஸ் நிறுத்தம் தள்ளி, ஒரு கண்ணாடிக் கடைக்கு மேலே முதல் மாடியில் இருந்தது. நீளமான வராந்தா, கடைசிக் கதவு. உள்ளே சால்டரிங் புகையின் வாசனை. சுவரை ஒட்டிய வேலை மேசையில் கறுப்பு ரப்பர் விரிப்பும் வளைகழுத்து விளக்கும் இருந்தன. மேசைக்கு இரண்டு நாற்காலிகள். ஒன்றில் மெக்கானிக் உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயதிருக்கும், மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றி விட்டிருந்தார். மற்றொன்று காலியாக இருந்தது. அவளை உட்காரச் சொல்ல அவர் மூலையிலிருந்து ஒரு ஸ்டூலை எடுத்துவந்து போட்டார்.

அவள் பட்டியலை நீட்டினாள். "அண்ணே, தப்பா நினைக்காதீங்க. இதுல ஒரு கையெழுத்து போட்டுக் குடுக்கணும்."

இந்த இடத்தில் சண்டை வரும் என்று வழி முழுக்கப் பேச்சைத் தயார் பண்ணிக்கொண்டு வந்திருந்தாள். அவர் கண்ணாடியை இறக்கிப் பட்டியலை மெதுவாகப் படித்தார். ஒரு தடவை முடித்துவிட்டு மறுபடி மேலிருந்து ஆரம்பித்தார்.

"இவ்வளவும் நீங்களே எழுதினீங்களாம்மா?"

"ஆமாண்ணே. போட்டோவும் இருக்கு."

"பொட்டு?"

"வெச்சிருக்கேன்."

"நல்லது" என்றார். கோபமே இல்லை. தேடிக்கொண்டிருந்த சாமான் கைக்குக் கிடைத்தது போல அவர் முகம் இருந்தது. லேப்டாப்பைத் திருப்பி அடியில் ஒட்டியிருந்த மாடல் பெயரைப் பார்த்தார். விரலால் அதைத் தடவினார்.

"ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் இதுல வேலை பார்ப்பீங்க?"

"எட்டு மணி நேரம் ஆகும். ஏன் கேக்கறீங்க?"

"சும்மா கெடக்காது இல்ல? அதுக்குத்தான்."

அவளுக்குப் புரியவில்லை. அவர் இரண்டு பிரதியிலும் கையெழுத்துப் போட்டு, தேதி எழுதி, ஒன்றைத் திருப்பிக் கொடுத்தார். வெள்ளிக்கிழமை வரச் சொன்னார்.

வெள்ளிக்கிழமை போனாள். சார்ஜ் ஏறியது. வயரை எப்படி வளைத்தாலும் ஏறியது. இடது பக்கக் கீறல், மூடியின் மேல் காப்பிக் கறை, எல்லாம் அவளுடையதுதான். கும்பிட்டுவிட்டுக் கிளம்பினாள். வராந்தாவில் பாதி தூரம் வந்து திரும்பிப் பார்த்தபோது அவர் கதவில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவள் முகத்தைப் பார்க்கவில்லை. தோளில் தொங்கிய பையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

*

வீட்டுக்கு வந்து தம்பி ஹார்ட் டிஸ்க்கை மாட்டிக் கொடுத்தான். வேலைக்கு உட்கார்ந்து முதல் வரியை அடிக்கும்போதே அவள் விரல்களுக்குத் தெரிந்துவிட்டது. இது அவள் கீபோர்டு இல்லை.

படத்தை எடுத்து ஒப்பிட்டாள். அவளுடையதில் எழுத்துகள்தான் அங்கங்கே மங்கியிருந்தன. இதில் எழுத்துகள் பளிச்சென்று இருந்தன. மேல்வரிசை எண்கள் தேய்ந்திருந்தன. சுழியம் இருந்த இடத்தில் வெறும் கறுப்பு. அவள் வலது கட்டைவிரலால் இடைவெளி விடுகிறவள். இதில் அந்த நீளக் கட்டையின் இடது பக்கம்தான் மழமழவென்று மின்னியது, தொட்டால் லேசாகக் குழிந்திருந்தது. யாரோ ஒருவர் பல வருடம் இடது கட்டைவிரலால் தட்டிய இடம்.

"கழட்டும்போது உடைஞ்சிருக்கும், வேற போட்டிருப்பாரு" என்றான் தம்பி. "திங்கக்கிழமை போய்க் கேளு."

கேட்கலாம்தான். ஆனால் ஒரு படம் ஞாயிற்றுக்கிழமைக்குள் முடிய வேண்டியிருந்தது. அவள் உட்கார்ந்து அடித்தாள். முதல் நாள் தடுமாற்றமாக இருந்தது. இரண்டாம் நாள் தடுமாற்றம் இல்லை, அதுதான் அவளுக்குப் பிடிக்கவில்லை. ஒரு தடவை சட்டென்று நிறுத்திக் கையைப் பார்த்தாள். வலது கட்டைவிரல் மடங்கிச் சும்மா இருந்தது. இடது கட்டைவிரல் அந்தக் குழியில் பொருந்தி உட்கார்ந்திருந்தது.

ஞாயிறு காலை எழுதியதையெல்லாம் கடைசியாகச் சரிபார்த்தாள். படத்தில் ஒரு பெண் கதவைச் சாத்திக்கொண்டு "நான் வரலைன்னு சொல்லு" என்கிற இடம். அந்த வரிக்கு அடியில், யாரும் பேசாத நான்கு நொடி மௌனத்தில், இன்னொரு வரி இருந்தது. எழுத்தும் எண்ணுமாகப் பன்னிரண்டு. அவள் அப்படி எதையும் அடிக்கவில்லை.

உற்றுப் பார்த்தாள். பிறகு மேசை இழுப்பறையைத் திறந்து கையெழுத்துப் போட்ட பட்டியலை எடுத்தாள். மூன்றாவது வரி, வைஃபை கார்டு. அதே பன்னிரண்டு.

தம்பி வந்து பார்த்தான். "நீயே அடிச்சிருப்பக்கா. அந்த லிஸ்ட்டை நீ நாலு நாளா மனசுக்குள்ள ஓட்டிட்டு இருந்த. கை அடிச்சிடுச்சு."

"கழட்டு" என்றாள் அவள்.

கழற்றினான். கத்தரிப்பூ நிறப் பொட்டுகள் மூன்றும் இருந்தன. வைத்த மூலையில் வைத்த அளவில், மெமரியின் மேல் தீக்குச்சி லேசாக இழுபட்ட வால்கூட அப்படியே இருந்தது. நம்பர்கள்தான் வேறு. மெமரி வேறு. பேட்டரி வேறு. வைஃபை கார்டு வேறு. அவள் பொட்டுகளை அவளை மாதிரியே யாரோ வைத்திருந்தார்கள்.

தம்பி பாகங்களின் அளவைப் படித்துப் பார்த்துவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தான். "அக்கா, உன்னோட மெமரியைவிட இது ரெண்டு மடங்கு. பேட்டரியும் நல்லா இருக்கு. திருட வந்தவன் வீட்டுல சாமான் வெச்சுட்டுப் போயிருக்கான். வாயை மூடிட்டு வெச்சுக்க."

"யாரோட சாமான்டா இது?"

அவன் சிரிப்பு பாதியில் நின்றது.

*

திங்கட்கிழமை காலை அவள் கடைக்குப் போனபோது மெக்கானிக் எழுந்து நின்றார். அவள் பையை மேசைமேல் வைத்தாள். ஸ்டூலில் உட்காரவில்லை.

"அண்ணே, என்னோட சாமானெல்லாம் எங்க?"

அவர் மறுக்கவில்லை. மேல்தட்டிலிருந்து ஒரு பிஸ்கட் டப்பாவை எடுத்துத் திறந்தார். உள்ளே வெள்ளி நிற உறைகளில் அவளுடைய மெமரி, பேட்டரி, வைஃபை கார்டு. தனியாகத் துணியில் சுற்றிய கீபோர்டு. எல்லாவற்றுக்கும் மேலே நான்காக மடித்த அவள் பட்டியல்.

"ஒண்ணுகூடக் கொறையாது. சரிபார்த்துக்குங்க."

"அப்ப இதுல இருக்கறது?"

"என் வீட்டுக்காரியோடது."

அவர் உட்கார்ந்தார்.

"இந்தக் கடையே அவளோடதும்மா. நான் அவகிட்ட தொழில் கத்துக்கிட்டவன். இந்தத் தொழில்ல சாமான் மாத்தறவங்க ஜாஸ்தி. அவளுக்கு அது ஆகவே ஆகாது. எவன் கடையில எது மாறியிருக்குன்னு மூடியைத் தெறந்ததும் சொல்லிடுவா. வர்றவங்ககிட்டயெல்லாம் நம்பர் எழுதிட்டு வாங்க, நம்பர் எழுதிட்டு வாங்கன்னு தலையில அடிச்சுப்பா. ஒருத்தரும் எழுத மாட்டாங்க. அதனால அவளே எழுதுவா. பகல் முழுக்க நம்பர் அடிச்சிட்டே இருப்பா." காலி நாற்காலியைப் பார்க்காமலே அந்தப் பக்கம் தலையை அசைத்தார். "ஒரு வாரக் காய்ச்சல். பதினொரு மாசம் ஆச்சு."

அவள் மெல்ல ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

"அவ லேப்டாப் மூடியே கெடந்துச்சு. எனக்குத் தொட மனசு வரல. ஆனா சும்மா போட்டு வெச்சா பேட்டரி ஊதிடும். ஓடாத மெஷின் செத்த மெஷின்னு அவளே சொல்லுவா. அப்பதான் நீங்க வந்தீங்க. அதே மாடல். கையில லிஸ்ட்டு. எட்டு மணி நேரம் வேலைன்னு வேற சொன்னீங்க. இவங்ககிட்ட இருந்தா பத்திரமா இருக்கும்னு தோணிச்சு. அவ டிஸ்க்கை மட்டும் எடுத்து உள்ள வெச்சிருக்கேன்."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா வாங்கிட்டுப் போயிருப்பீங்களா?"

மாட்டாள். அவளுக்கே தெரியும். "அந்தப் பொட்டு?"

"அந்தக் கலருக்காக ஏழு கடை ஏறி இறங்கினேன்" என்றார், கொஞ்சம் வெட்கத்தோடு.

அவளுக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை. வசன வரிக்கு அடியில் வந்து நின்ற அந்தப் பன்னிரண்டைப் பற்றிச் சொல்லலாமா என்று வாயெடுத்தாள், அடக்கிக்கொண்டாள்.

"மாத்திக் குடுத்துடுங்க அண்ணே."

"குடுத்துடறேன். நீங்க எதிர்ல இருந்து பாருங்க." ஸ்க்ரூடிரைவரை எடுத்தவர் தயங்கினார். "அதுக்கு முன்னால ஒரே ஒரு தடவை இங்க இருக்கிற வைஃபைல சேத்துப் பார்க்கலாமா? ஒரு நிமிஷம் போதும்."

பாஸ்வேர்டைச் சொன்னார். அவள் அடித்தாள். அவர் தன் போனில் ஒரு பக்கத்தைத் திறந்து அவள் பக்கம் திருப்பினார். கடையின் வைஃபையில் அந்த நேரம் சேர்ந்திருக்கும் கருவிகளின் பட்டியல். பிரிண்டர். மேசை கம்ப்யூட்டர். என் போன். நான்காவதாக ஒரு பெயர் எழும்பி வந்தது. மேலிடம். பக்கத்தில் ஒரு பச்சைப் புள்ளி. இணைப்பில் உள்ளது.

"நான் வெச்ச பேரு" என்றார். "எதைக் கேட்டாலும் மேலிடத்துல கேட்டுச் சொல்றேன்னு சொல்லுவேன். கஸ்டமருங்க சிரிப்பாங்க. அவளும் சிரிப்பா. அந்தக் கார்டு எந்த மெஷின்ல இருந்தாலும் இங்க அந்தப் பேருலதான் வரும். உங்களோடதை ரிப்பேர் பண்ணிட்டு, கடை டிஸ்க் ஒண்ணை மாட்டி டெஸ்ட் பண்ணும்போதுதான் பார்த்தேன். பதினொரு மாசம் கழிச்சு. ஒரு மணி நேரம் அணைக்காம வெச்சிருந்தேன்."

மெஷின் என்னவோ அவளுடையது. அதன் முன்னால் உட்கார்ந்திருப்பதும் அவள்தான். ஆனாலும் அந்தப் பச்சைப் புள்ளியைப் பார்த்தபோது, அறையில் மூன்றாவது ஆள் வந்து உட்கார்ந்த மாதிரி அவளுக்கு இருந்தது. திரும்பிப் பார்க்கவில்லை.

அவர் கழற்றினார். மெமரி, பேட்டரி, கீபோர்டு ஒவ்வொன்றாக மாறின. அவள் ஒவ்வொரு நம்பரையும் படித்துப் பார்த்தாள். கடைசியில் அந்த நகத்தளவுக் கார்டின் பக்கம் இடுக்கி போனது. அவர் கை அங்கே நின்றது.

"அது இருக்கட்டும்" என்றாள்.

ஏன் சொன்னாள் என்று பிறகு தம்பி எத்தனையோ தடவை கேட்டான். ஒரு ஸ்க்ரூவைக்கூட விட்டுக் கொடுக்காதவள். அவர் அவளைப் பார்க்காமல் தலையாட்டி, மூடியைப் போட்டு, ஸ்க்ரூக்களை முடுக்கினார். அவளுடைய கார்டை உறையோடு கையில் கொடுத்தார். போன் நம்பரையும் கேட்டு எழுதிக்கொண்டார்.

*

மூன்று வாரம் ஒன்றும் நடக்கவில்லை. அவள் தன் கீபோர்டில் தன் விரல்களால் அடித்தாள். வசன வரிகளில் வேண்டாத எதுவும் வரவில்லை. இருந்தாலும் முடித்த படத்தை அனுப்பும் முன் மௌனமான இடங்களையெல்லாம் ஒரு தடவை ஓட்டிப் பார்ப்பது பழக்கமாகிவிட்டது.

நான்காவது வாரம் ஒரு புதன்கிழமை, காலை பதினொரு மணி. ஜன்னலில் வெயில். வீட்டில் அவள் மட்டும். லேப்டாப்பில் மும்முரமாக அடித்துக்கொண்டிருந்தாள். போன் வந்தது.

"நான் கடையிலேர்ந்து பேசறேம்மா. லேப்டாப் ரிப்பேர்." குரலில் ஒரு துள்ளல் இருந்தது. "இந்தப் பக்கம் வந்திருக்கீங்களா? வராந்தாவுல நிக்கறீங்களா? உள்ள வரக் கூடாதா?"

"ஏண்ணே?"

"மேலிடம் வந்திருக்கு. பச்சை எரியுது. சரி, நீங்கதான் பையோட வெளிய நிக்கறீங்கன்னு நினைச்சேன்."

அவள் எதிரில் லேப்டாப் திறந்திருந்தது. கடை மூன்று பஸ் நிறுத்தம் தள்ளி. வீட்டு வைஃபை சுவரைத் தாண்டினாலே எட்டாது. இல்லை என்று சொல்ல வாய் திறந்தாள். அந்தத் துள்ளலை உடைக்க அவளால் முடியவில்லை.

"ஆமாண்ணே. பஸ்ல இந்தப் பக்கமா போனேன். பையில இருந்துச்சு. அவசர வேலை, இறங்க முடியல. போயிட்டேன்."

"போயிட்டீங்களா?" ஒரு கணம் நிதானித்தார். "இன்னும் எரியுதே."

அவள் திரையின் கீழ் மூலையைப் பார்த்தாள். வீட்டு வைஃபையின் அடையாளம் அங்கே இல்லை. இணைப்பு எப்போது அறுந்தது என்று அவள் கவனித்திருக்கவில்லை.

யோசிக்காமல் மூடியைச் சாத்தினாள். மூடிமேல் உள்ளங்கையை வைத்து அழுத்திக்கொண்டாள். அடியில் விசிறி ஒரு தடவை சுற்றி நின்றது.

"போயிடுச்சும்மா" என்றார் அவர். அவ்வளவுதான் சொன்னார். ஆனால் அதை அவர் சொன்ன விதத்தை அவளால் தாங்க முடியவில்லை. ஒரு வருடத்துக்கு முன்னால் ஆஸ்பத்திரி வராந்தாவில் யாரிடமோ இதே வார்த்தையை இதே மாதிரி சொல்லியிருப்பார் என்று தோன்றியது.

போன் காதில் இருந்தது. அவர் மூச்சு கேட்டது. அவளுக்குப் பயமாகத்தான் இருந்தது. கையை மூடியிலிருந்து எடுத்தாள். விரலை ஓரத்தில் கொடுத்துத் திறந்தாள். திரை விழித்தது. மூலையை அவள் பார்க்கவில்லை.

அந்தப் பக்கம் பச்சை மறுபடி எரிந்திருக்க வேண்டும். அவர் மூச்சு ஒரு தடவை நின்று, பிறகு நிதானமாக வந்தது. அவள் போனை வெட்டாமல் மேசைமேல் கீபோர்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு விட்ட இடத்திலிருந்து அடிக்க ஆரம்பித்தாள். ஒரு வரி. இரண்டு வரி. ஒரு காட்சி முடிந்தது. அவர் கேட்டுக்கொண்டிருந்தார்.

கால்மணி நேரம் இருக்கும். போனிலிருந்து அவர் குரல் சன்னமாக வந்தது.

"சரி, நான் வெச்சுடறேன். நீ வேலையப் பாரு."

இத்தனை நாளில் அவர் அவளை ஒரு தடவைகூட நீ என்று சொன்னதில்லை. அவள் விரல்கள் நின்றன. திருத்திக்கொள்வார் என்று காத்திருந்தாள். அவர் திருத்தவில்லை. வைக்கவும் இல்லை, பதிலுக்குக் காத்திருந்தார்.

"ம்" என்றாள்.